மந்தாகினிப் பள்ளத்தாக்கு: வெள்ளம் எட்டாத ஊர்களில்

அக்டோபர் 10, 2025, ஸ்ரீநகர் (கார்வால்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கேதார்நாத் யாத்திரைக் குறிப்பு அல்ல. கோயிலுக்கும் போகப்போகிறோம், ஆனால் நடுவில் ஒரு ராத்திரி மட்டும்தான். 2013 ஜூன் வெள்ளத்துக்கு அப்புறம் உத்தராகண்டின் இந்த மலைக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கிளம்பினோம், நானும் ஒரு தோழியும். அவளுக்கு இந்தி நன்றாக வரும். எனக்கு ரயிலில் டீ வாங்கும் அளவுக்கு வரும். ஆகவே இதில் வரும் பேச்சு எல்லாம் அவள் காது வழியாக வந்தது.

ரிஷிகேஷில் விடிவதற்கு முன் பஸ் ஏறினோம். தேவப்பிரயாகையில் டீக்கு நிறுத்தியபோது திருமண் இட்ட பெரியவர்கள் ஒரு கூட்டமாக சங்கமத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள், நம் ஊர்ப் பேச்சு. பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர் இதுதான். படி செங்குத்து, எல்லாருக்கும் முழங்கால் வலி, ஆனாலும் ஒருவரும் திரும்பவில்லை. பாதை நெடுக ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் வேலை நடக்கிறது. 125 கிலோமீட்டர் பாதையில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள்ளேதான் ஓடப்போகிறதாம். குடைந்த மண்ணும் கல்லும் அங்கங்கே ஆற்றோரம் மலைபோலக் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், இன்று ஸ்ரீநகரில் கேட்ட கதைக்கு அப்புறம், கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, இது அலக்நந்தா கரையில் இருக்கும் பழைய கார்வால் தலைநகர். 2013இல் இங்கே வந்தது வெறும் தண்ணீர் இல்லை, சேறு. எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல்லின் பயிற்சி மையம், ஐடிஐ, ஆற்றோரக் குடியிருப்புகள் எல்லாம் சேற்றில் புதைந்தன. ஊருக்கு மேலே 330 மெகாவாட் நீர்மின் திட்டம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தோண்டிய மண்ணை ஆற்றங்கரையிலேயே கொட்டி வைத்திருந்தார்கள், அது அப்படியே எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிறுவனம் சுமார் 9.26 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்த மாதிரி வழக்குகளில் பொதுவாக "இயற்கைச் சீற்றம்" என்று சொல்லி எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இங்கே அப்படி விடவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய பழைய வீடு ஆற்றோரத் தெருவில் இருக்கிறது, சாயங்காலம் கூட்டிப்போய்க் காட்டினார். தெருவிலிருந்து நேராக நுழைகிற தளம்தான் அந்தக் காலத்து மாடி. கீழ்த்தளம் மண்ணுக்குள் இருக்கிறது. "அள்ளிக் கொட்ட ஆகிற செலவைக் கணக்குப் பார்த்தோம், அதற்கு மாடியையே கீழ்வீடாக்கிக்கொள்வது மலிவு" என்றார். சமையலறை, அலமாரி, மனைவியின் தையல் பெட்டி, முப்பது வருடத்து மதிப்பெண் பதிவேடுகள் எல்லாம் இன்னும் கீழேதான் இருக்கின்றன. இப்போது அந்த வீட்டில் ஒரு கல்லூரிப் பையன் வாடகைக்கு இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, சொன்னேன், வாடகையைக் குறைக்கச் சொன்னான் என்றார்.

அக்டோபர் 11, குப்தகாசி

காலையில் ஷேர் ஜீப். ஸ்ரீநகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தாரி தேவி கோயில், அலக்நந்தாவின் நடுவில் தூண்கள் மேல் நிற்கிறது. அதே மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் பழைய இடம் மூழ்கும் என்பதால் அம்மனைப் பெயர்த்து மேலே வைத்தார்கள். வைத்த நாள் 2013 ஜூன் 16, சாயங்காலம். அன்று சாயங்காலமே கேதார்நாத்தில் முதல் வெள்ளம். ஜீப்பில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இதுதான் காரணம் என்றார்கள், ஆறாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று கை நீட்டும்போது எல்லாக் கைகளும் அந்த அணைப்பக்கம்தான் நீள்கின்றன, தீர்ப்பாயம் மண்ணைச் சொல்கிறது, ஊர் அம்மனைச் சொல்கிறது. 2023 ஜனவரியில் அம்மனைப் புதுக் கோயிலில் வைத்துவிட்டார்கள்.

ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவை விட்டு மந்தாகினி வழியாக மேலே திரும்புகிறோம். இனி எல்லாமே இந்த ஆறுதான். திலவாடா, அகஸ்தியமுனி, விஜயநகர், சந்திராபுரி, குண்ட் என்று ஊர்கள் வரிசையாக ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, ரோடு ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது. 2013இல் இந்தக் கரையில் இருந்த பாலங்கள் பல போய்விட்டன. அக்கரை ஊர்க்காரர்கள் அப்புறம் வருடக்கணக்கில் கம்பியில் தொங்கும் இரும்புத் தொட்டியில் உட்கார்ந்து, கையால் கயிறு இழுத்துத்தான் ஆற்றைக் கடந்தார்கள். ட்ராலி என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண்கள், சிலிண்டர், ஆடு எல்லாம் அதில்தான். எங்கள் ஜீப் டிரைவரின் இடது கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை, கயிறு உருளையில் மாட்டிக்கொண்டதாம். சொல்லும்போது சிரித்தார். ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிக் காட்டியபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன், மேலே போகப்போக இது தேவைப்படும். அந்த வருடம் பருவமழை ஒரு மாதம் முந்திக்கொண்டு ஜூன் 16க்குள்ளேயே நாடு முழுவதும் பரவிவிட்டது. கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றில் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தார் வைத்திருந்த மழைமானியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 16ஆம் தேதி சாயங்காலம் முதல் வெள்ளம் கேதார்நாத் நடைவழியில் இருந்த ராம்பாடாவைக் கொண்டுபோனது. 17ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சற்று முன், கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே இருந்த சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. பனியாறு விட்டுப்போன கல்லும் மண்ணும்தான் அந்தக் கரை. சில நிமிடங்களில் ஏரி முழுக்கக் காலி. இறந்தவர்களும் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர்களும் சேர்த்து 5,700க்கு மேல். அதில் உத்தராகண்ட்காரர்கள் மட்டும் 900க்கு மேல், மீதி எல்லாம் வெளியூர் யாத்ரிகர்கள். ஜூன் என்பது இங்கே உச்ச சீஸன், பள்ளிக்கூடத்துக்கும் லீவு.

குப்தகாசி ஆற்றிலிருந்து ரொம்ப உயரத்தில் மலைச்சரிவில் இருக்கிறது. நேர் எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஊகிமட். அறை ஜன்னலைத் திறந்தால் கேதார் சிகரங்கள் தெரிகின்றன, போன வாரம் விழுந்த புதுப் பனியோடு. குளிர் தாங்கவில்லை, மீதி நாளைக்கு.

அக்டோபர் 12, குப்தகாசிக்கு மேலே ஓர் ஊர்

ஊர் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணத்தையும் சொன்னார்கள். 2013க்கு அப்புறம் இந்தப் பக்கம் சில ஊர்களுக்குப் பத்திரிகைகள் "விதவைகள் கிராமம்" என்று பெயர் வைத்துவிட்டன. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்களாம்.

ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஏற்றம். படிப்படியாக வயல்கள், அறுவடை பாதி முடிந்திருக்கிறது. கதிரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன், கேழ்வரகு! இவர்கள் மண்டுவா என்கிறார்கள். பக்கத்து வயலில் குதிரைவாலி. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, வெண்ணெய். ஆறாயிரம் அடிக்கு மேலே வந்து நம் ஆத்தா சமையல்.

இந்த ஊரில் வெள்ளம் வரவில்லை. ஒரு வீடு இடியவில்லை, ஒரு வயல் போகவில்லை. 2013 ஜூனில் ஒரு வாரம் நல்ல மழை, அவ்வளவுதான். ஆனால் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் ஓர் ஆணாவது குறைந்தார். இவர்கள் கேதார்நாத்தின் தீர்த்த புரோகிதர்கள். மே மாதம் கோயில் கதவு திறந்ததும் அப்பா, பிள்ளை, லீவில் இருக்கும் பள்ளிக்கூடப் பையன் எல்லாரும் மேலே போய்விடுவார்கள். சிலருக்கு அங்கே சொந்தமாக ஒரு தங்கும் விடுதி, சிலருக்குப் பூஜைச் சாமான் கடை, மற்றவர்கள் அவற்றில் வேலை. ஆறு மாதம் சம்பாதித்ததை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்டவேண்டும். ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு வீடு போனது, ஆற்றுக்கு எட்டாத உயரத்தில் இருந்தவர்களுக்கு வீடு நின்றது, வீட்டு ஆள் போனார். இதை யாரும் எனக்கு முன்னால் இப்படிச் சொல்லவில்லை, செய்திகளில் பார்த்ததெல்லாம் ஆற்றில் சரிகிற மூன்று மாடிக் கட்டடம்தான்.

நாங்கள் சாப்பிட்ட வீட்டில் மாமியாரும் மருமகளும். பெரியவரை மாஜி என்று கூப்பிட்டோம், மருமகள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், எங்களை தீதி தீதி என்றாள். மாஜிக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். மருமகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கையில் நான்கு வயதுப் பையன். உடல் எதுவும் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து மூன்று பேருக்கும் ஒரே நாளில் காரியம் செய்தார்கள்.

"சாவு சர்டிபிகேட் வந்தது, அப்புறம் பணம் வந்தது, பணம் வந்ததும் சண்டை வந்தது" என்றாள் மருமகள். பணம் அம்மாவுக்கா, மனைவிக்கா? மனைவி நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டால்? பல வீடுகளில் இதே சண்டை. இந்த வீட்டில் எப்படித் தீர்ந்தது என்று தோழி கேட்டாள். மாஜி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருந்தாள், அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது, வந்துவிட்டாள்" என்றார். அதற்கு மேல் இருவருமே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கூடத்து மூலையில் துணி போட்டு மூடிய தையல் மெஷின். அது ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. மாட்டுக் கொட்டகையில் இன்னொன்று இருக்கிறது, அது வேறொரு நிறுவனம். ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் மெஷினும் மூன்று மாதப் பயிற்சியும் கிடைத்தன. "எல்லாரும் தைத்தால் யாருக்கு தீதி தைப்பது? துணி எடுக்கக் குப்தகாசி இறங்கவேண்டும், தைத்ததை விற்க மறுபடியும் இறங்கவேண்டும். அங்கே ரெடிமேட் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது." நல்ல மனதோடு கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இந்த ஏற்றத்தை ஏறி இறங்கியிருக்கலாம். உருப்படியாக நின்றது கீரை விதை லட்டு. இங்கே சௌலாய் என்று சொல்கிறார்கள். கேதார்நாத் பிரசாதமாக அந்த லட்டை உள்ளூர்ப் பெண்கள் குழுக்கள் செய்து கொடுக்கின்றன. விதை இவர்கள் வயலிலேயே விளைகிறது, வாங்குகிற ஆள் கோயில் வாசலுக்குத் தானாக வருகிறார். மருமகள் அப்படி ஒரு குழுவில் இருக்கிறாள். சீஸனில் கை ஒழியாத வேலை, சீஸன் முடிந்தால் ஒன்றுமில்லை.

அந்த நான்கு வயதுப் பையனுக்கு இப்போது பதினாறு. போன வருடம் முதல் முறையாக மேலே போனான், சித்தப்பா முறை ஒருவர் கடையில் உதவிக்கு. மாஜி மூன்று நாள் சாப்பிடவில்லையாம். இந்த வருடமும் போயிருக்கிறான், கதவு சாத்தினால்தான் வருவான். அனுப்பாமல் இருக்க முடியாதா என்று நான் அரைகுறை இந்தியில் கேட்டேன். மருமகள் சுருக்கென்று சொன்னாள்: "அனுப்பாவிட்டால் டேராடூனில் ஓட்டலில் தட்டுக் கழுவுவான். அங்கே போன பையன்கள் திரும்பி வருவதில்லை." அவள் சொல்வது வெறும் கோபம் இல்லை. மாநில அரசே அமைத்த புலம்பெயர்வு ஆணையம் 2018இல் கொடுத்த கணக்குப்படி, 2011க்குப் பிறகு 700க்கும் மேற்பட்ட மலையூர்கள் ஆளே இல்லாமல் காலியாகிவிட்டன.

இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. சிறுத்தை உலவுகிற நேரம் என்று மருமகள் பாதி வழி வரை டார்ச்சோடு கூட வந்தாள். அப்புறம் தனியாக ஏறிப் போனாள்.

அக்டோபர் 13, லின்சோலி

காலை நான்கு மணிக்கே சோன்பிரயாகில் வரிசை. அங்கிருந்து கௌரிகுண்டுக்கு ஐந்து கிலோமீட்டர் அங்கே ஓடுகிற ஷேர் ஜீப்பில்தான் போகவேண்டும். கூட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு: 2012இல் கேதார்நாத்துக்கு வந்தவர்கள் 5.7 லட்சம் பேர். வெள்ளத்துக்கு அடுத்த வருடமான 2014இல் ஏறத்தாழ 40 ஆயிரம். 2019இல் 10 லட்சம், 2023இல் 19 லட்சத்துக்கு மேல். நேற்றைய ஊரில் "2014 தான் 2013ஐவிட மோசம்" என்று ஒருவர் சொன்னது ஏன் என்று இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

கௌரிகுண்டில் வெந்நீர்க் குளம் 2013இல் மண்ணுக்குள் போய்விட்டது, மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில் இதே இடத்தில் ரோட்டோரக் கடைகள் மேல் மலை சரிந்து ஏறத்தாழ இருபது பேர் ஆற்றோடு போனார்கள், பலர் நேபாளத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மறுபடி தகரக் கடைகள் நிற்கின்றன. மேகி, ரெயின்கோட், ஊன்றுகோல்.

தோழிக்கு முழங்கால் சரியில்லை, ஒரு கோவேறு கழுதை வைத்தோம். நான் நடந்தேன், கழுதைக்காரர் என் கூடவே பேசிக்கொண்டு வந்தார். வயது முப்பதுக்குச் சற்று மேல், பாட்டா பக்கத்து ஊர். 2013இல் ராம்பாடாவில் இருந்திருக்கிறார். ஆற்றின் சத்தம் மாறியதும் அவருடைய மாமா, கழுதையை அவிழ்த்து விடு, மேலே ஏறு என்று கத்தினாராம். கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறி, இரண்டு ராத்திரி காட்டில். அவரோடு ஏறியவர்களில் சிலர் குளிரில் செத்தார்கள். திரியுகிநாராயண் பக்கத்துக் காட்டு வழியில் 2016இல்கூட எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார்கள், அவர்கள் எல்லாம் இப்படி மேலே ஏறித் தப்பித்தவர்கள்தான். தப்பித்து அப்புறம் வழி தெரியாமல் பசியிலும் குளிரிலும் போனவர்கள்.

ராம்பாடாவைத் தாண்டியபோது "இதுதான்" என்றார். ஒன்றுமில்லை. பாறைகள், நடுவில் ஆறு. வழியில் ராத்திரி தங்குவதற்குப் பெயர்போன இடம் அது, விடுதிகளும் கடைகளும் நிறைந்து இருந்தது. பழைய பாதை இங்கேயே அறுந்துபோனதால், நேரு மலையேற்ற நிறுவனத்தார் ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் புதுப் பாதை போட்டார்கள். 14 கிலோமீட்டர் நடை 16 ஆனது, ஏற்றமும் கூடியது. அந்தப் பாதையும் 2024 ஜூலை 31 ராத்திரி மழையில் பல இடங்களில் பெயர்ந்து, பத்தாயிரம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள்.

கழுதைக்காரருக்கு இப்போது பயம் மழை இல்லை, ரோப்வே. சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத் வரை 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய்த் திட்டம், 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. எட்டு ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிடமாகச் சுருங்கிவிடுமாம். அவருக்கு இரண்டு கழுதை, இரண்டுக்கும் கடன். இந்த மே மாதம் கழுதைகளுக்குக் காய்ச்சல் பரவி, சீஸன் தொடக்கத்திலேயே ஓட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள், அந்தத் தவணையே இன்னும் பாக்கி. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தம்பி ஐடிஐ முடித்திருக்கிறான். ரோப்வேயில் ஆள் எடுப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்." எதிர்த்துப் போராட்டம் இல்லையா? "இருக்கிறது, அதற்கும் போகிறேன்" என்றார்.

ரோப்வே வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கே தெளிவில்லை. அடிபட்டு விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு கழுதையை வழியில் பார்த்தேன், அதைப் பார்த்த யாரும் கழுதை சவாரிக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள். ஹெலிகாப்டரும் லேசுப்பட்டதில்லை, இந்த ஜூன் 15 அன்று கௌரிகுண்டுக்குப் பக்கத்தில் ஒன்று விழுந்து ஏழு பேர் போனார்கள். ஆனால் 36 நிமிடத்தில் தலைக்கு மேலே போய்வருகிறவர் வழியில் ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். இந்த 16 கிலோமீட்டரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 14, கேதார்நாத்

3,583 மீட்டர், தலைவலி, மூக்கில் ரத்தம், மைனஸ் குளிர். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம், நாங்கள் இரண்டு நிமிடம் நின்று கும்பிட்டோம், தள்ளிவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் அந்தப் பாறை, பீம சிலா. வெள்ளத்தை இரண்டாகப் பிளந்து கோயிலைக் காப்பாற்றியது இதுதான். பக்கத்தில் எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள். அதற்கும் பின்னால் மூன்று அடுக்குத் தடுப்புச் சுவர், அகலப்படுத்திய கல் பாவிய தெரு, புதுப்புதுக் கட்டடங்கள். வேலை சுத்தம், வேகம், மறுக்கவே முடியாது. 2013 செப்டம்பர் 11 அன்றே இங்கே பூஜை மறுபடி தொடங்கிவிட்டது. சந்திராபுரிப் பக்கத்து ஜனங்கள் அப்புறமும் ட்ராலியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே நிற்கும்போது அதுதான் மனதில் வருகிறது.

மருமகளின் பையனைத் தேடிப் பிடித்தோம். அம்மா கொடுத்தனுப்பிய வெண்ணெய் டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குள் ஓடிவிட்டான். பதினாறு வயதுக்கு அது சரிதான்.

அக்டோபர் 15

இறக்கம். கால் இரண்டும் என்னுடையவை இல்லை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 16, ஜோஷிமட்

ஊகிமட்டில் ஓம்காரேஸ்வரர் கோயில், குளிர்காலம் முழுக்கக் கேதார்நாதருக்கு இங்கேதான் பூஜை. ஊருக்கு வெளியே 2012 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் மேகம் உடைந்து அறுபது பேருக்கு மேல் இறந்த சரிவுகள் இருக்கின்றன. ஒன்பது மாதம் கழித்துப் பெரிய வெள்ளம் வந்துவிட்டதால் 2012ஐ எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். இந்த ஆகஸ்டிலும் உத்தரகாசிப் பக்கம் தராலி ஊர் சில விநாடிகளில் மண்ணுக்குள் போனது. அவர் கடை டிவியில் அந்த வீடியோ வந்தபோது, விசில் அடித்து ஊரை எச்சரிக்கிற சத்தம் கேட்டதே, அதைக் கேட்டதும் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

சோப்தா வழியாகக் கோபேஷ்வர் இறங்கி, சாயங்காலம் ஜோஷிமட். 2023 ஜனவரியில் விரிசல் விட்ட வீடுகளில் சிவப்புப் பெருக்கல் குறி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு, இது பழைய சரிவு மண் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், கனமான கட்டுமானம் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. எங்கள் விடுதி நான்கு மாடி. சரி, ஒரு ராத்திரிதான்.

அக்டோபர் 17, ரைனி

ஜோஷிமட்டிலிருந்து நீத்தி பள்ளத்தாக்கு ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ரிஷிகங்கை தௌளிகங்கையில் சேருகிற இடத்துக்கு மேலே ரைனி. 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்து, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய, சிப்கோ என்னும் மரம் காக்கும் இயக்கத்து ஊர். 2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை, மழையே இல்லாத நல்ல வெயிலில், ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஒரு மலைப்பக்கமே பெயர்ந்து விழுந்து இந்தப் பள்ளத்தாக்கில் வந்தது. கீழே இருந்த ரிஷிகங்கை மின் நிலையம் இருந்த சுவடு இல்லை. அடுத்து தபோவனில் கட்டிக்கொண்டிருந்த திட்டத்தின் சுரங்கத்துக்குள் தொழிலாளிகள். மொத்தம் 200க்கு மேல் இறந்தார்கள் அல்லது கிடைக்கவில்லை. பாலம் போனதால் மேலே 13 ஊர்கள் துண்டிக்கப்பட்டன. எல்லைச் சாலை அமைப்பு போட்ட இரும்புப் பாலத்தில்தான் எங்கள் ஜீப் வந்தது.

ஊர்க்காரர்கள் அந்த ராத்திரியையும் அதற்கடுத்த பல ராத்திரிகளையும் மேலே காட்டில் கழித்தார்கள். எந்தக் காட்டை அவர்களுடைய அம்மாக்கள் காப்பாற்றினார்களோ அதே காட்டில். அந்த ஜூன் மழையில் ஊருக்குக் கீழே ரோடு சரிந்தது, ரோட்டோரம் இருந்த கௌரா தேவி சிலையைக் கழற்றி ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். மின் திட்டங்களை நிறுத்துங்கள், எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஊர்க்காரர்கள் உட்பட ஐந்து பேர் உயர்நீதிமன்றம் போனார்கள். ஜூலையில் மனு தள்ளுபடி ஆனது, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டவும் உத்தரவு. ஸ்ரீநகரில் கிடைத்த நியாயத்தை நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு இது கசப்பாக இருந்தது.

ஒரு வீட்டு முற்றத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு பாட்டி கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார், மகனுக்கு நாற்பது வயது இருக்கும். ஊரே பிளந்திருக்கிறது, இங்கே இருக்கக்கூடாது என்று புவியியலாளர்கள் சொல்லிவிட்டுப் போனதை மகன் விரிவாகச் சொன்னார், சுவர் விரிசலில் கையை நுழைத்துக் காட்டினார். ஆனால் மாநிலத்தில் பத்தில் ஏழு பங்கு நிலம் வனத்துறைக் கணக்கில் இருக்கிறது. மீதியில் சரியாத, தண்ணீர் வசதியுள்ள, யாருக்கும் சொந்தமில்லாத சமதளம் எங்கே கிடைக்கும்? கிடைக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுப்பார்களா? "வீட்டுக்கு இடம் தருகிறேன் என்கிறார்கள். மாட்டை வீட்டுக்குள்ளேயா கட்டுவது, ராஜ்மாவை மொட்டை மாடியிலா போடுவது?" என்றார். ஆனாலும் தந்தால் போய்விடுவாராம். இரண்டு பெண் பிள்ளைகள், ஆற்றில் நீர்மட்டம் ஏறினால் அலறுகிற சைரன் ஒன்று வைத்திருக்கிறார்கள், அது சும்மா ஒரு தடவை அடித்தபோதுகூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு காட்டுக்கு ஓடியிருக்கின்றன.

பாட்டி நூற்பதை நிறுத்தாமல், நீ போ, நான் வரமாட்டேன் என்றார். அம்மா, ராத்திரி முழுக்க நீதானே தூங்காமல் ஆற்றுச் சத்தம் கேட்கிறாய் என்று மகன் குரலை உயர்த்தினார். கேட்பதால்தான் எல்லாரும் தூங்குகிறீர்கள் என்றார் பாட்டி. அப்புறம் இருவரும் கார்வாலியில் வேகமாகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், தோழிக்கே பாதி புரியவில்லை. நடுவில் மருமகள் வந்து எங்களுக்கு இன்னும் ஒரு ரொட்டி வைத்துவிட்டு, இது தினமும் நடப்பதுதான், சாப்பிடுங்கள் என்றாள்.

மூன்று மணிக்குக் கடைசி ஷேர் ஜீப், அதைப் பிடித்து ஜோஷிமட் வந்து எழுதுகிறேன். நாளை விடியற்காலை ரிஷிகேஷ் பஸ். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். குப்தகாசியிலோ ஊகிமட்டிலோ ரோட்டோர ஓட்டலில் தங்காமல், மேலே ஊருக்குள் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அறை தருகிறார்கள். கேதார்நாத் வாசலில் கீரை விதை லட்டு கேட்டு வாங்குங்கள், நன்றாகவும் இருக்கிறது.